8 மார்க் போட்ட பெரியவரும் 1,500 ரூபாய் பிடித்தமும்

அம்பத்தூர் பக்கம் ஒரு கார் டீலரின் சர்வீஸ் சென்டரில் நான்கு ஆண்டுகளாக சர்வீஸ் அட்வைசராக வேலை பார்க்கும் 33 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். ஆளையோ நிறுவனத்தையோ காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

சம்பளம் 22,000 ரூபாய். முன்பெல்லாம் மாதத்துக்கு எத்தனை ஜாப் கார்டு (ஒவ்வொரு காருக்கும் செய்ய வேண்டிய வேலையை எழுதும் சீட்டு) முடித்தார் என்று பார்த்து இன்சென்டிவ் கொடுத்தார்கள். ஓராண்டாக அது மாறிவிட்டது. கார் டெலிவரி ஆன மறுநாள் வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு கேள்வி போகிறது: ‘எங்கள் சர்வீஸ் சென்டரை உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்.’ அதிலிருந்து கணக்கிடும் ஸ்கோர் 50-ஐத் தொட்டால்தான் இன்சென்டிவ்.

போன மாதம் இவருக்கு 20 பேர் பதில் போட்டார்கள். 11 பேர் 9 அல்லது 10. ஏழு பேர் 7 அல்லது 8. இரண்டு பேர் அதற்கும் கீழே. அந்த இருவரில் ஒருவருக்கு ஸ்பேர் பார்ட் வந்து சேர 11 நாள் ஆனது. இன்னொருவருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஸ்கோர் 45. இன்சென்டிவ் போயிற்று. அது போதாதென்று ‘சர்வீஸ் குவாலிட்டி’ என்ற பெயரில் சம்பளத்திலும் 1,500 ரூபாய் பிடித்துவிட்டு, ஏழு நாளில் விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்திருக்கிறார்கள்.

அவருக்கு ஆற்றாமை எல்லாம் மேற்கு மாம்பலத்துப் பெரியவர் ஒருவர் மேல். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நான்கு வருடமாக இவரையே தேடி வருபவர். 8 போட்டிருக்கிறார். கேட்டதற்கு, “நல்ல மார்க்தானேம்மா போட்டிருக்கேன்? பத்துக்குப் பத்து நான் யாருக்குமே போட மாட்டேன்” என்றாராம். கடைசிப் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக, அதே பெரியவர் மூன்று வாரம் கழித்துத் தன் சகலையின் காரையும் இவரிடமே அனுப்பிவைத்ததாக எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: இந்த மாதிரி சர்வேக்கு அர்த்தம் இருக்கிறதா? இதை வைத்துச் சம்பளத்தைப் பிடிக்கலாமா? உடன் வேலை பார்ப்பவர்கள் வாடிக்கையாளரின் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் மச்சான், தம்பி நம்பரைப் போட்டு 10 வாங்கிக்கொள்கிறார்கள், நானும் அப்படிச் செய்யலாமா? இல்லை, ராஜினாமா செய்துவிடலாமா? ‘நான் ஸ்டாஃப்தான், தொழிலாளி இல்லை, எனக்கு லேபர் சட்டமெல்லாம் கிடையாது’ என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்துக்கு முன் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். வக்கீல் கோட்டு மாட்டுவதற்கு முன் சில வருடம் சந்தை ஆய்வில் இருந்தவன் நான். நங்கநல்லூரில் வீடு வீடாகப் போய், சோப்புத்தூளுக்குப் பத்தில் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு அம்மா, “பத்துல எவ்வளவுன்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுப்பா. அடுத்த மாசமும் இதைத்தான் வாங்குவேன், போதுமா?” என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நானே 7 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த 7 எந்தெந்த மேசைக்கெல்லாம் போயிருக்குமோ தெரியாது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது

உங்கள் நிறுவனத்தில் இதை என்.பி.எஸ். என்பார்கள். நெட் ப்ரமோட்டர் ஸ்கோர் என்பதன் சுருக்கம். (ஓய்வூதியத் திட்டத்துக்கும் இதே மூன்று எழுத்துதான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பெய்ன் என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரெட் ரைக்கெல்ட் 2003 டிசம்பரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரைதான் இதைப் பிரபலமாக்கியது. எண்டர்ப்ரைஸ் என்ற அமெரிக்க வாடகைக் கார் நிறுவனம் வாடிக்கையாளரிடம் இரண்டே கேள்வி கேட்டு, உச்ச மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ரைக்கெல்ட், ஒரே கேள்வியாகச் சுருக்கினால் என்ன என்று தேடினார். பல தொழில்களில், ‘நண்பருக்குச் சொல்வீர்களா’ என்பதற்கு வந்த பதில்தான் அந்த வாடிக்கையாளர் மறுபடி வாங்கினாரா, மற்றவரை அனுப்பினாரா என்பதோடு நன்றாகப் பொருந்தியது என்றார்.

கணக்கு எளிது. 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை போட்டவர்கள் அதிருப்தியாளர்கள். முதல் கூட்டத்தின் சதவீதத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஸ்கோர். 7, 8 போட்டவர்கள் கூட்டலிலும் வருவதில்லை, கழித்தலிலும் வருவதில்லை.

நீங்கள் தவறாக நினைத்திருப்பது இங்கேதான். ‘8 போட்டு எனக்கு மைனஸ் வாங்கிக்கொடுத்துவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் 11-இல் 2-ஐக் கழித்தால் 9. இருபதில் ஒன்பது என்றால் 45. பெரியவர் கழிக்கப்பட்டவரில் இல்லை. ஆனால் அவர் 8-க்குப் பதில் 9 போட்டிருந்தால் 12-இல் 2 போக 10, ஸ்கோர் சரியாக 50, இன்சென்டிவ் கைக்கு வந்திருக்கும். ஒரே ஒருவர், ஒரே ஒரு மார்க். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் கோபப்பட வேண்டியது அவர் மேலா, ஒருவர் கை தடுமாறினால் ஒரு மாத இன்சென்டிவ் போகும்படி கணக்குப் போட்டவர்கள் மேலா?

20 பேரை வைத்துக்கொண்டு போடும் ஸ்கோர் எவ்வளவு ஆடும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். உங்கள் எண்களுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 29 புள்ளி. அதாவது உங்கள் உண்மையான நிலை 16-ஆகவும் இருக்கலாம், 74-ஆகவும் இருக்கலாம். 45 என்பது இடையில் விழுந்த ஒரு எண். நாடு முழுவதும் பல்லாயிரம் பேரிடம் கேட்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு இந்த ஆட்டம் கரைந்துபோகும். தனி ஒரு அட்வைசருக்கு, ஒரு மாதத்துக்கு, இது கிட்டத்தட்ட பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான்.

இன்னொன்று. நம் ஊரில் 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். பத்துக்கு ஆறு போட்டவர் உங்களை முதல் வகுப்பில் தேற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்; அமெரிக்கக் கணக்கு அவரை அதிருப்தியாளர் பட்டியலில் சேர்க்கிறது. எட்டு போட்ட வங்கி மேலாளர் தன் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் டிஸ்டிங்ஷனுக்கு மேலேயே கொடுத்திருக்கிறார்.

சிபாரிசு என்பதும் நம் வீடுகளில் சும்மா வரும் வார்த்தை இல்லை. டாக்டரையோ டெய்லரையோ நாம் சொல்லி ஒருவர் போய், ஏதாவது கோளாறாகிவிட்டால், அடுத்த கல்யாண வீட்டில் “நீ சொல்லித்தானே போனேன்” என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள். அதற்குப் பயந்தே தனக்குப் பிடித்ததைக்கூட வெளியில் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். திருப்தி வேறு, அடுத்தவருக்கு ஜாமீன் நிற்கும் துணிச்சல் வேறு. சில பொருளுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. மின்வாரியத்தை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது? வேறு இடம் இருந்தால்தானே! போட்டியே இல்லாத தொழில்களில் இந்தக் கேள்வி எடுபடாது என்று ரைக்கெல்டே அந்த முதல் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்புறம் எதிர்ப்பும் வந்தது. டிம் கீனிங்காமும் உடன் சில ஆய்வாளர்களும் நார்வே நாட்டு வாடிக்கையாளர் திருப்திக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்து, 2007-இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் எழுதினார்கள். நிறுவன வளர்ச்சியைச் சொல்வதில் இந்த ஸ்கோர் மற்ற திருப்தி அளவுகளைவிட உயர்ந்தது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் கேள்வியே வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனி தன் போக்கு வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவும், குறைத்துப் போட்டவரிடம் என்ன குறை என்று விசாரிக்கவும் அது உதவும். உங்கள் விஷயத்தையே பாருங்கள். குறைத்துப் போட்ட இருவரும் காரணம் சொல்லியிருக்கிறார்கள்: ஸ்பேர் பார்ட், பார்க்கிங். இரண்டுமே மேலாளர் பார்க்க வேண்டிய வேலை. சர்வே ஒழுங்காகத்தான் தகவல் சொல்லியிருக்கிறது. மெமோதான் ஆள் மாறி உங்களுக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் மூழ்கினவே, அந்த மாதம் எந்த அட்வைசருக்கு 50 வந்திருக்கும்?

ஊழியர்கள் மார்க்குக்காகக் கெஞ்சும் நிலை வந்துவிட்டதைப் பார்த்து ரைக்கெல்டே வருத்தப்பட்டு எழுதினார். 2021-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அவர் முன்வைத்த புது அளவு வேறு: திரும்பி வந்த பழைய வாடிக்கையாளரால் எவ்வளவு வருமானம், இன்னொருவர் சொல்லிப் புதிதாக வந்தவர்களால் எவ்வளவு வருமானம் என்று பார்ப்பது. நம் ஊர் கிளினிக் வரவேற்பறையில் “யார் சொல்லி வந்தீங்க?” என்று நோட்டில் எழுதிக்கொள்வார்களே, அதுதான். அந்த நோட்டில் உங்கள் பெரியவருக்கு இடம் உண்டு. ‘சொல்வீர்களா’ என்ற கேள்விக்கு 8 போட்டவர், யாரும் கேட்காமலே சொல்லியும் விட்டார்.

இன்சென்டிவ் வேறு, சம்பளம் வேறு

கடிதத்தில் இரண்டையும் ‘கட் ஆன பணம்’ என்று சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். சட்டம் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும்.

இன்சென்டிவ் விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கை அதிகம் கொடுக்க விரும்பவில்லை. ‘இந்த ஸ்கோர் வந்தால்தான் இன்சென்டிவ்’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஸ்கோர் வராதபோது கொடுக்காததைப் பிடித்தம் என்று வாதாடுவது கடினம். கேள்வி முட்டாள்தனமானது என்று நான் நிரூபித்தாலும் கடினம்தான். முட்டாள்தனமான நிபந்தனை வைக்க நிறுவனங்களுக்குக் கணிசமான சுதந்திரம் இருக்கிறது. ஆனால் பழைய திட்டம் உங்கள் நியமனக் கடிதத்திலோ சர்க்குலரிலோ எழுத்தில் இருந்து, புதியதை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டு மாற்றியிருந்தால் வாதிட இடம் உண்டு. தொழிலாளரின் ஊதிய நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது சட்டம்.

‘நான் தொழிலாளி இல்லையே’ என்கிறீர்கள். விசிட்டிங் கார்டில் அட்வைசர் என்று போட்டிருப்பதால் மட்டும் யாரும் மேலாளர் ஆகிவிடுவதில்லை. உங்களுக்குக் கீழே ஆள் இருக்கிறார்களா, லீவு கொடுக்கவோ தண்டிக்கவோ உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று நீதிமன்றம் வேலையின் தன்மையைத்தான் பார்க்கும். ஜாப் கார்டு எழுதுகிறீர்கள், எஸ்டிமேட் சொல்கிறீர்கள், டெலிவரி கொடுக்கிறீர்கள். இதில் மேற்பார்வை எங்கே இருக்கிறது?

சம்பளத்தில் பிடித்த 1,500 ரூபாயில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிடித்தம் பற்றிய அதன் விதிகள் சம்பள உச்சவரம்பு பார்க்காமல் ஊழியர் எல்லோருக்கும் பொருந்தும். இந்த விஷயத்தில் நீங்கள் ஸ்டாஃபா தொழிலாளியா என்ற கேள்விக்கே வேலை இல்லை. சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வாடிக்கையாளர் போட்ட மார்க் அந்தப் பட்டியலில் இல்லை. அபராதம் என்று சொன்னால், அதற்குத் தனி நிபந்தனைகள்: எந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் முன் ஒப்புதலோடு பட்டியல் போட்டு, வேலையிடத்தில் ஒட்டியிருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், மொத்த அபராதம் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 22,000-க்கு 3 சதவீதம் 660 ரூபாய். எல்லா நிபந்தனையும் நிறைவேறியிருந்தால்கூட 1,500 பிடிக்க வழியில்லை. பணத்தைப் பிடித்துவிட்டு அப்புறம் விளக்கம் கேட்பது வேறு தலைகீழ். இதற்கு மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, அதனால் இன்றே ஓட வேண்டியதில்லை. பே ஸ்லிப்பில் அந்தப் பிடித்தம் எந்தப் பெயரில் வந்திருக்கிறது என்பதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

மச்சான் நம்பர் வேண்டவே வேண்டாம்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதுவரை நீங்கள் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; நல்லது. இப்போது நிறுவனம் உங்கள் மேல் காட்டும் குற்றம் ‘மார்க் குறைந்தது’ என்பது. அதை வைத்து ஒழுங்கு நடவடிக்கையில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஜாப் கார்டில் பொய் நம்பர் எழுதிய மறுநிமிடம் அது ஆவண மோசடியாகிவிடும், வேலையை விட்டு எடுக்கத் தக்க காரணமாகவும் ஆகிவிடும். எல்லோரும் செய்கிறார்கள் என்பது விசாரணையில் எடுபடாது. மேலாளரே சொன்னார் என்பதும், அவர் எழுத்தில் சொல்லாதவரை, எடுபடாது. கையில் இருக்கும் நல்ல வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

வாடிக்கையாளரிடம் 10 போடச் சொல்லிக் கெஞ்சுவதும் வேண்டாம். “சார், இதுல 9, 10 மட்டும்தான் நல்ல மார்க்னு எடுத்துக்குவாங்க, நீங்க நினைக்கிறதைப் போடுங்க” என்று விவரம் சொல்லலாமா என்று கேட்டால், என் மனசாட்சிக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஆனால் பதிலை எந்த விதத்திலும் தூண்டக் கூடாது என்று கார் கம்பெனி டீலருக்குக் கொடுத்த விதிகளில் இருக்கலாம். அதைப் படித்துப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள்.

ராஜினாமா இப்போது வேண்டாம்

மெமோ நிலுவையில் இருக்கும்போது போனால், குற்றத்தை ஒப்புக்கொண்டு போனதாக அடுத்த இடத்தில் சொல்வார்கள். அவர்களாக நீக்குவார்களோ என்று பயப்படுகிறீர்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், பொதுவாக ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது; நீக்கினால் மேல்முறையீடு உண்டு. ரிப்பேர் நடக்கும் இடம் என்பதால் உங்கள் சென்டர் தொழிற்சாலையாகப் பதிவாகியிருக்கவும் கூடும். அப்படியானால் பாதை வேறு, பாதுகாப்பு இல்லாமல் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழை ஒரு தரம் பாருங்கள்.

வக்கீல் செலவு பற்றியும் தயங்குகிறீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். உங்கள் பகுதி எந்தத் தொழிலாளர் அதிகாரியின் எல்லையில் வருகிறது என்பதைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அங்கே போவதற்கு முன் ஹெச்.ஆர்.-இடம் ஒரு தரம் பேசிப் பாருங்கள். 1,500 ரூபாய்க்காகத் தொழிலாளர் துறை நோட்டீஸை வாங்கிக்கொள்ள டீலர்கள் பொதுவாக விரும்புவதில்லை.

மெமோவுக்குக் கெடு ஏழு நாள் என்பதால் இதுதான் முதல் வேலை. வாயால் விளக்கம் வேண்டாம், எழுத்தில் கொடுத்து நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மன்னிப்பு என்ற வார்த்தை வரக் கூடாது, கோபமும் வரக் கூடாது. 20 பதில்களையும் அப்படியே எழுதுங்கள். குறைத்துப் போட்ட இருவரின் காரணங்களையும், ஸ்பேர் பார்ட் ஆர்டர் போட்ட தேதி, வந்த தேதியோடு எழுதுங்கள். எந்த விதியின் கீழ் 1,500 பிடிக்கப்பட்டது என்று கேளுங்கள். கடைசியாக, நான்கு வருடத்தில் உங்கள் பெயரைச் சொல்லித் திரும்பி வந்தவர்கள், மற்றவர் சொல்லி வந்தவர்கள் என ஒரு பட்டியல் இணையுங்கள். அந்த சகலையின் ஜாப் கார்டு நம்பரைத் தேடி எடுங்கள். பட்டியலின் முதல் வரியில் அது இருக்கட்டும்.